மடிக்கணினித் திரை: நிறுவனத்தின் பெயரைக் கேட்பதா, பின்புறத்து எண்ணைக் கேட்பதா?

வணக்கம். உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன். இதே குழப்பத்தில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும். ஆரணியில் பட்டுப்புடவைக்குக் கரையும் முந்தியும் கணினியில் வரைந்து தறிக்காரர்களுக்குக் கொடுக்கிறீர்கள். உங்களுடைய 15.6 அங்குல மடிக்கணினியின் திரை விரிசல் விட்டுவிட்டது. வேலூரில் விசாரித்தபோது கடைக்காரர் மூன்று பேனல்களைச் சொல்லியிருக்கிறார். பிஓஇ என்றால் ஒரு விலை, இன்னோலக்ஸ் என்றால் சற்றுக் கூடுதல், எல்ஜி என்றால் அதற்கும் மேல் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். இவற்றுள் எந்த நிறுவனத்தின் திரை சிறந்தது, எல்ஜிக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது தகுமா என்பது உங்கள் கேள்வி.

வேலூரில் பதினாறு ஆண்டுகளாக மடிக்கணினிப் பழுது பார்த்து வருகிறேன். வாரத்துக்கு நான்கைந்து திரைகளாவது என் கையால் மாற்றப்படுகின்றன. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: கடைக்காரர் சொன்ன மூன்று பெயர்களை மட்டும் வைத்துக்கொண்டு உங்களுக்கு எவராலும் சரியான பதில் சொல்ல முடியாது. உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆரணி அரிசி என்று கேட்டு வாங்குபவர்கள் வெளியூரில் எத்தனையோ பேர். ஆனால் உள்ளூர்க்காரர் மில்லின் பெயரோடு நிறுத்துவதில்லை. என்ன ரகம், பழைய அரிசியா புதிய அரிசியா என்று கேட்டுக் கையில் அள்ளிப் பார்த்த பிறகுதான் மூட்டையைத் தூக்கச் சொல்வார். ஒரே மில்லில் இருந்து உயர்ந்த ரகமும் வரும், மலிவான ரகமும் வரும். திரை விஷயமும் அப்படியேதான். பிஓஇ, இன்னோலக்ஸ், எல்ஜி என்பவை மில்லின் பெயர்கள். ரகம் என்ன என்பது திரையின் பின்புறம் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணில் இருக்கிறது.

இந்த மில்கள் எவை என்பதை அறிந்துகொள்வது நல்லது, ஏனெனில் மடிக்கணினியின் மேல்மூடியில் பொறித்திருக்கும் பெயருக்கும் திரைக்கும் பெரும்பாலும் தொடர்பே கிடையாது. டெல், ஹெச்பி, லெனோவா, ஆப்பிள் ஆகிய எவரும் தங்கள் மடிக்கணினிகளுக்கான பேனலைத் தாங்களே செய்வதில்லை, வெளியிலிருந்து வாங்குகிறார்கள். தைவானில் ஏயூஓ, இன்னோலக்ஸ், தென்கொரியாவில் எல்ஜி டிஸ்ப்ளே, சாம்சங் டிஸ்ப்ளே, சீனாவில் பிஓஇ, ஐவிஓ, டிசிஎல் குழுமத்தின் சிஎஸ்ஓடி, ஜப்பானில் ஷார்ப். ஏறத்தாழ இவ்வளவுதான் நம் கைக்கு வருபவை. ஏயூஓ என்பது 2001இல் ஏசர் டிஸ்ப்ளேயும் யூனிபேக்கும் இணைந்து உருவானது. இன்னோலக்ஸ் 2010இல் சி மேய் நிறுவனத்தோடு இணைந்தது; கணினிக்குள் அந்தத் திரையின் அடையாளக் குறி இன்றும் 'சிஎம்என்' என்று இருப்பது அந்த இணைப்பின் தடம்தான். பெய்ஜிங்கில் 1993இல் தொடங்கிய பிஓஇ, 2003இல் கொரியாவின் ஹைடிஸ் நிறுவனத்தை வாங்கித் திரவப் படிகத் திரைத் தொழில்நுட்பத்தைக் கைக்கொண்டது. சாம்சங் டிஸ்ப்ளே 2022இல் திரவப் படிகத் திரை உற்பத்தியையே நிறுத்திவிட்டு ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி பக்கம் போய்விட்டது. எனவே எல்சிடியில், அதாவது திரவப் படிகத் திரையில், 'புத்தம் புதிய சாம்சங் பேனல்' என்று எவராவது இன்று சொன்னால், அது பழைய இருப்பா அல்லது வேறு மடிக்கணினியில் இருந்து கழற்றியதா என்று தயங்காமல் கேளுங்கள்.

இனி, உங்கள் தொழிலுக்கு மையமான விஷயத்துக்கு வருகிறேன். திரையைப் பிரித்தால் உள்ளே பல அடுக்குகள் இருக்கும். அடியில் ஓர் ஓரமாக வெள்ளை எல்இடிகளின் பட்டை. அந்த ஒளியைத் திரை முழுவதும் பரப்பும் பிளாஸ்டிக் தகடு. அதன்மேல் ஒளியைச் சீராக்கும் தாள்கள். பிறகு இரு கண்ணாடிகளுக்கு நடுவே திரவப் படிகம். மேல் கண்ணாடியில் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள். நிறம் எவ்வளவு அழுத்தமாக வரும் என்பதை முக்கியமாகத் தீர்மானிப்பவை இரண்டு. ஒன்று, அந்த வெள்ளை எல்இடியின் தன்மை. மலிவான வெள்ளை எல்இடி என்பது உண்மையில் நீல விளக்கின்மேல் மஞ்சள் பாஸ்பர் பூசியது. நீலமும் மஞ்சளும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும், ஆனால் அந்த வெள்ளையில் சிவப்பு மிகக் குறைவு. இரண்டு, வண்ண வடிகட்டியின் அடர்த்தி. வடிகட்டி அடர்த்தியாக இருந்தால் நிறம் தூய்மையாக வரும். ஆனால் ஒளியும் கூடவே தடுக்கப்படும். அதை ஈடுகட்ட எல்இடிகளைக் கூட்ட வேண்டும், செலவும் மின்சாரமும் கூடும். ஆகவே விலையைக் குறைக்க நினைக்கும் எந்த நிறுவனமும் முதலில் கை வைப்பது நிறத்தில்தான். பெயர் எல்ஜியாக இருந்தாலும் இதில் மாற்றமில்லை.

இதைத்தான் விவரத்தாளில் 'என்டிஎஸ்சி 45 விழுக்காடு', '72 விழுக்காடு' என்று எழுதுகிறார்கள். என்டிஎஸ்சி என்பது 1953இல் அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சிக்காக வகுத்த நிறப்பரப்பு, அதாவது காட்ட வேண்டிய நிறங்களின் எல்லை. இணையத்திலும் கணினியிலும் இன்று பொது அளவாக இருப்பது எஸ்ஆர்ஜிபி. என்டிஎஸ்சியில் 72 விழுக்காடு பரப்புள்ள திரை எஸ்ஆர்ஜிபியை ஏறத்தாழ முழுமையாகக் காட்டும்; 45 விழுக்காட்டுத் திரை அதில் மூன்றில் இரண்டு பங்கைக்கூட எட்டுவது அரிது. சந்தையில் 'முழு எச்டி ஐபிஎஸ்' (ஐபிஎஸ் என்பது பார்க்கும் கோணம் மாறினாலும் நிறம் அதிகம் மாறாத வகை) என்ற பெயரில் விற்கும் மலிவான மாற்றுத் திரைகளில் மிகப் பெரும்பாலானவை இந்த 45 விழுக்காட்டு ரகம். கணக்கு எழுதுபவருக்கும் படம் பார்ப்பவருக்கும் அது போதும். சாயக்காரருக்கு நிறம் சொல்ல வேண்டிய உங்களுக்குப் போதாது.

ஒரு முறை நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். ஆரணிப் பக்கத்திலிருந்தே ஒருவர், புடவை வடிவமைக்கும் மடிக்கணினியோடு என் கடைக்கு வந்தார். வேறோர் இடத்தில் மாற்றிய திரை; தெளிவில் குறையில்லை, புள்ளி எதுவும் செத்திருக்கவில்லை, ஆனால் நிறம் பொருந்தவில்லை என்றார். பையிலிருந்து மூன்று பட்டுநூல் கழிகளை எடுத்து மேசைமேல் வைத்தார்: அரக்கு, வாடாமல்லி, மயில்கழுத்து. அவருடைய திரையில் அதே நிறங்களில் நிரப்பிய மூன்று கட்டங்கள். பக்கத்தில் பழுதுக்கு வந்திருந்த இன்னொரு மடிக்கணினியில் 72 விழுக்காட்டுத் திரை இருந்தது. அதே கோப்பை அதிலும் திறந்தோம். மயில்கழுத்து இரண்டிலும் ஓரளவு நெருங்கியே இருந்தது. வாடாமல்லி அவருடைய திரையில் வெளுத்துப்போய், துவைத்த துணிபோல இருந்தது. அரக்குதான் என்னைத் திடுக்கிட வைத்தது. நூலில் இருந்தது நல்ல அடர்சிவப்பு; திரையில் இருந்தது செங்கல்லைத் தண்ணீரில் நனைத்தாற்போன்ற பழுப்பு. அவர் பல மாதங்களாக அந்தப் பழுப்பைச் சரிக்கட்டக் கோப்பில் சிவப்பைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார். அச்சிட்டுப் பார்க்கும் தாளில் அது கண்ணைப் பறிக்கும் சிவப்பாக வந்து, வாடிக்கையாளரிடம் பேச்சு வாங்கியிருக்கிறார். திரையின் பின்புறத்தைத் திறந்து எண்ணைப் பார்த்தபோது காரணம் விளங்கிவிட்டது. அது பெயர்பெற்ற நிறுவனத்தின் திரைதான், ரகம்தான் 45.

இந்த இடத்தில் ஒரு தவறான நம்பிக்கையை விலக்கிவிட வேண்டும். திரையின் நிறத்தை அளக்கும் கலரிமீட்டர் கருவியை ஒட்டி நிறத்தைச் சரிசெய்துகொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். அந்தக் கருவி, திரையால் காட்ட முடிந்த நிறங்களை அவற்றின் இடத்தில் சரியாக நிறுத்தும். திரையிடம் இல்லாத சிவப்பைக் கொண்டுவந்து சேர்க்க அதனால் முடியாது. ஆம்பூர், இராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல் தொழிலில் இருப்பவர்களுக்கும் இதையே சொல்லி வருகிறேன். பழுப்பிலும் அடர்சிவப்பிலும் நுட்பமான வேறுபாடு பார்க்கிற அவர்களும் இதே குழியில்தான் விழுகிறார்கள்.

சரி, எண்ணை எப்படிப் படிப்பது? ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு முறை இருக்கிறது. ஏயூஓவின் எண் 'பி156' என்று தொடங்கினால் 15.6 அங்குல மடிக்கணினித் திரை. அடுத்து 'எக்ஸ்டிஎன்' என்று வந்தால் 1366க்கு 768 புள்ளிகள் கொண்ட டிஎன் வகை (பார்க்கும் கோணம் மாறினால் நிறமும் மாறும் வகை). 'எச்டிஎன்' என்றால் 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட முழு எச்டிதான், ஆனால் டிஎன் வகை. 'எச்ஏஎன்' என்றால் முழு எச்டியும் ஐபிஎஸ் போன்ற அகன்ற பார்வைக் கோணமும் கொண்டது. பிஓஇயில் 'என்டி156டபிள்யூஎச்எம்' என்பது குறைந்த புள்ளிகள் கொண்ட டிஎன். 'என்வி156எஃப்எச்எம்' என்பது முழு எச்டி, அகன்ற கோணம். இன்னோலக்ஸில் 'என்156பிஜிஏ' குறைந்த புள்ளிகள் கொண்ட டிஎன், 'என்156எச்ஜிஏ' முழு எச்டி டிஎன், 'என்156எச்சி' என்று தொடங்குபவை ஐபிஎஸ் வகை. எல்ஜியில் 'எல்பி156டபிள்யூஎச்' குறைந்த புள்ளிகள், 'எல்பி156டபிள்யூஎஃப்' முழு எச்டி.

டிஎன் வகையை உங்களுக்கு எந்த விலையிலும் பரிந்துரைக்க மாட்டேன். அதில் தலையைச் சற்றுத் தாழ்த்திப் பார்த்தாலே நிறம் மாறும். கீழிருந்து பார்த்தால் கறுப்பும் வெள்ளையும் இடம் மாறித் தெரியும். 1996இல் ஹிட்டாச்சி கொண்டுவந்த ஐபிஎஸ் முறையில் படிகங்கள் கண்ணாடிக்கு இணையாகவே திரும்புவதால் இந்தக் குறை பெரிதும் நீங்கியது. பிற்பாடு ஒவ்வொரு நிறுவனமும் இதை ஒத்த முறையைத் தன் பெயரில் செய்தது: ஏயூஓ அதை ஏஎச்விஏ என்றது, பிஓஇ ஏடிஎஸ் என்றது, சாம்சங் பிஎல்எஸ் என்றது. பெயர் வேறாக இருந்தாலும் நம் கண்ணுக்குக் கிடைக்கும் பயன் ஏறத்தாழ ஒன்றுதான். கடைக்காரர் 'இது ஐபிஎஸ் இல்லை, ஏடிஎஸ்' என்றால் அதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் தொடரின் பெயரோடும் நின்றுவிடக் கூடாது. கோட்டுக்குப் பின் வரும் கடைசி எழுத்துகளில்தான் உயிர் இருக்கிறது. பிஓஇயின் என்வி156எஃப்எச்எம் தொடரிலேயே 'என்48' என்று முடியும் திரை 45 விழுக்காட்டு ரகம். 'என்61' என்று முடிவது 72 விழுக்காட்டு ரகம். இன்னோலக்ஸில் 'என்156எச்சிஏ-ஈஏபி' மலிவான ரகம். 'என்156எச்சிஈ-ஈஎன்1' நல்ல நிறம் காட்டும் ரகம். பெயரளவில் ஒரு எழுத்து, ஓர் எண்தான் வேறுபாடு. இரண்டையும் எரியவிட்டுப் பக்கத்தில் வைத்தால் குழந்தைகூட வேறுபாட்டைச் சொல்லிவிடும். பிஓஇயின் நல்ல ரகத்தையும் எல்ஜியின் மலிவு ரகத்தையும் உங்கள் முன் வைத்தால், பெயரை மறைத்துவிட்டுக் கேட்டால், நீங்கள் பிஓஇயைத்தான் எடுப்பீர்கள். அதனால்தான் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுப்பது தகுமா என்ற கேள்விக்கு எண்ணைப் பார்க்காமல் பதில் இல்லை என்றேன்.

அப்படியானால் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபாடே இல்லையா என்றால், உண்டு. அது இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது. ஒரே விவரத்தாளுக்கு இரண்டு மூன்று நிறுவனங்கள் செய்து கொடுப்பதால் ஒரே மாடல் மடிக்கணினியை வாங்கிய இருவருக்கு வெவ்வேறு திரைகள் வருவது வழக்கம். இதற்கு ஊரறிந்த உதாரணம், 2012இல் வெளிவந்த 15 அங்குல ரெட்டினா மேக்புக் புரோ. அதில் சிலவற்றில் எல்ஜி பேனலும் சிலவற்றில் சாம்சங் பேனலும் வந்தன. எல்ஜி பேனல் வந்தவர்கள் பலர், முன்னால் திறந்திருந்த பக்கத்தின் நிழல் திரையிலேயே தங்கிவிடுவதாகப் புகார் செய்தார்கள், 2013இல் அது அமெரிக்காவில் வழக்காகவும் போனது. எல்ஜி என்ற பெயரே காப்பு என்று நினைப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அதே எல்ஜி டிஸ்ப்ளே, 2024இல் மடிக்கணினிக்கு இரட்டை அடுக்கு ஓஎல்இடி பேனலைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். திறமை இல்லாத நிறுவனம் அல்ல.

என் கையில் புழங்கியதை வைத்து என் மதிப்பீட்டைச் சொல்கிறேன். இது அளந்து எழுதிய ஆய்வு அல்ல, பழக்கத்தில் வந்த கருத்து. ஏயூஓவின் திரைகளில் ஒன்றுக்கொன்று வேறுபாடு குறைவாக இருக்கிறது. ஒரே எண்ணில் இரண்டு வாங்கினால் இரண்டும் ஒரே வெண்மையில் இருக்கும் என்று நம்பலாம். பிஓஇயில் பத்து ஆண்டுகளுக்கு முன் ஓரங்களில் ஒளி கசிவது அதிகம் கண்ணில் பட்டது. இப்போது அந்தக் குறையை அவ்வளவாகப் பார்ப்பதில்லை, அதோடு எந்த அளவிலும் எளிதாகக் கிடைப்பதும் அதுதான். இன்னோலக்ஸின் மலிவு ரகங்களில் வெண்மை சற்று நீலம் பாய்ந்து தெரியும். நல்ல ரகங்களில் அப்படி இல்லை. ஐவிஓ அலுவலக மடிக்கணினிகளில் வருவது, குறை சொல்ல முடியாது, புகழவும் பெரிதாக எதுவும் இல்லை. ஷார்ப்பின் திரைகள் அருமையானவை, ஆனால் விலையுயர்ந்த சில மாடல்களுக்கு மட்டுமே பொருந்துபவை. உங்கள் கணினிக்குத் தேடி அலைய வேண்டாம்.

ஓஎல்இடி நன்றாக இருக்குமாமே என்று நீங்கள் அடுத்துக் கேட்கக்கூடும். நிறத்துக்கு அதை மிஞ்ச எதுவும் இல்லை; ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால் கறுப்பு உண்மையான கறுப்பாக இருக்கும், ஜரிகையின் மின்னல்கூட ஓரளவு கண்ணுக்குத் தெரியும். ஆனால் சாதாரண எல்சிடி இருந்த மடிக்கணினியில் அதைப் பொருத்துவது பெரும்பாலும் நடக்காத காரியம். மின்சாரம், கேபிள், மூடியின் அளவு எல்லாமே மாறும். வடிவமைப்பு மென்பொருளின் கருவிப்பட்டை நாளெல்லாம் ஒரே இடத்தில் அசையாமல் நிற்பதால், அதன் தடம் நாளடைவில் திரையில் பதிந்துவிடும் அபாயமும் உண்டு. மேலும் பல ஓஎல்இடி மடிக்கணினித் திரைகள் வெளிச்சத்தைக் குறைக்கும்போது நொடிக்கு 240 முறை அணைந்து எரிகின்றன. சிலருக்கு அதனால் கண் வலிக்கும், தலை கனக்கும். புதிய கணினி வாங்கும்போது யோசிக்கலாம்.

வெளிச்சத்தைப் பற்றி நம் ஊர்க் கணக்கில் ஒரு சொல். மலிவு ரகங்கள் 220 முதல் 250 நிட் (நிட் என்பது திரை வெளிச்சத்தின் அளவு) வரை ஒளி தரும். ஜன்னலைத் திறந்து வைத்து, வாசல் வெளிச்சத்தில் வேலை செய்யும் வீட்டில் இது போதாது. 300 நிட்டாவது வேண்டும். பளபளப்பான திரையைத் தவிர்த்து மேற்பரப்பு மங்கலான ரகத்தை எடுங்கள், இல்லையென்றால் அரக்கின்மேல் உங்கள் முகமும் சேர்ந்து தெரியும். பெரும்பாலான மடிக்கணினித் திரைகளுக்கு 50 டிகிரி செல்சியஸ் வரைதான் இயங்கும் வெப்பநிலை குறிக்கப்பட்டிருக்கும். வேலூரின் சித்திரை வைகாசி வெயிலில் பூட்டிய காருக்குள் மடிக்கணினியை விட்டுவிட்டுப் போனால் அந்த எல்லையை எளிதில் தாண்டிவிடும். ஒளியைச் சீராக்கும் தாள்கள் நெளிந்து, திரையில் மேகம்போல் திட்டுத் திட்டாகத் தெரியும். அதற்கு எந்த நிறுவனமும் விதிவிலக்கல்ல.

'எட்டு பிட்', 'ஆறு பிட்' என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆறு பிட் திரை இயல்பாகக் காட்டுவது 2,62,144 நிறங்கள்; மீதியைப் புள்ளிகளை வேகமாக மாற்றி ஏமாற்றிக் காட்டும். எட்டு பிட் திரை 1,67,77,216 நிறங்களை நேராகவே காட்டும். முந்தியில் ஒரு நிறம் இன்னொன்றாக மெல்லக் கரைந்து மாறும் இடத்தில் ஆறு பிட் திரையில் படிக்கட்டுபோல் கோடு விழலாம். ஆனால் 72 விழுக்காடு கிடைத்து அது ஆறு பிட்டாக இருந்தாலும் வாங்கலாம். 45 விழுக்காட்டில் எட்டு பிட் கிடைத்தாலும் வேண்டாம்.

இவ்வளவும் சரியாக அமைந்தாலும் திரை உங்கள் கணினியில் பொருந்த வேண்டும். கடைகளில் 'பேப்பர் எல்இடி, 30 பின்' என்று சொல்வது மெல்லிய, ஈடிபி என்ற இணைப்பு முறையுள்ள திரையை; பின் என்பது கேபிள் செருகும் முனையில் உள்ள தொடுமுனை. சாதாரண முழு எச்டி திரைக்கு 30 பின் போதும். தொடுதிரை, 4கே, 120 அல்லது 144 ஹெர்ட்ஸ் வேகத் திரை ஆகியவற்றுக்கு 40 பின் வரும். 2013க்கு முந்தைய பழைய கணினிகளில் 40 பின் என்றால் அது பெரும்பாலும் எல்விடிஎஸ் என்ற வேறு முறை. பின் எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் இரண்டையும் மாற்றிப் போடக் கூடாது. பிறகு, மேலும் கீழும் திருகுக்கான காதுகள் இருக்கின்றனவா, அல்லது காதில்லாமல் ஒட்டும் நாடாவில் நிற்கும் வகையா என்று பார்க்க வேண்டும். 15.6 அங்குலத்திலேயே 350 மில்லிமீட்டர் அகலத் திரையும் 360 மில்லிமீட்டர் அகலத் திரையும் இருக்கின்றன. அந்த ஒரு சென்டிமீட்டர் வேறுபாட்டில் மூடி மூடாது. உங்கள் பழைய திரை 1366க்கு 768 வகையாக இருந்து, இப்போது முழு எச்டிக்கு மாற நினைத்தால் கேபிளையும் மாற்ற வேண்டியிருக்கலாம். பழையதற்குப் படத்தின் தகவல் செல்ல கேபிளில் ஒரு தடம் போதும், முழு எச்டிக்கு இரண்டு தடங்கள் தேவை, சில கேபிள்களில் இரண்டாவது தடத்துக்குக் கம்பியே இழுத்திருக்க மாட்டார்கள்.

யார் மாற்றினாலும், கேபிளைத் தொடுவதற்கு முன் பேட்டரியின் இணைப்பை எடுத்துவிட்டாரா என்று கண்ணால் பாருங்கள். மின்சாரம் இருக்கும்போது கேபிளைச் செருகினால் மதர்போர்டில் பின்னொளிக்கான ஃபியூஸ் போய்விடும். நல்ல திரையைப் போட்டும் படம் நிழலாக மட்டும் தெரியும். தொழிலுக்கு வந்த முதல் ஆண்டில் என் கையால் அப்படி ஒரு போர்டு போனது. வாடிக்கையாளருக்கு அதைச் சரிசெய்து கொடுக்க மூன்று நாளாயிற்று. அன்றிலிருந்து பேட்டரி கேபிள் வெளியே தொங்குவதைப் பார்த்த பிறகுதான் திரையில் கை வைக்கிறேன்.

வாங்கும் இடத்தில் ஏமாறாமல் இருக்கவும் சொல்ல வேண்டும். சென்னையில் ஒரு மொத்த வியாபாரியிடம் தொடர் பெயரை மட்டும் சொல்லிப் பத்துத் திரைகள் கேட்டிருந்தேன்; காட்பாடி ரயில் நிலையத்தில் பெட்டியை எடுத்து வந்து பிரித்தபோது, பத்தில் நான்கில் கடைசி எழுத்து வேறு. தொலைபேசியில் கேட்டதற்கு 'எல்லாம் ஒன்றுதான், பொருந்தும்' என்றார். பொருந்தியது உண்மை, நிறம் ஒன்றாக இல்லை. அதன்பிறகு முழு எண்ணையும் எழுத்துப் பிசகாமல் எழுதி அனுப்பி, அதே எண்ணுள்ள ஒட்டுத்தாளின் படத்தைத் திருப்பி வாங்கிய பிறகே பணம் அனுப்புகிறேன். 'டெல் ஒரிஜினல்', 'ஹெச்பி ஒரிஜினல்' என்ற சொற்களுக்கும் மயங்க வேண்டாம். திரையைச் செய்தவர் வேறு நிறுவனம்தான், கணினி நிறுவனம் தன் கணக்குக்காக ஓர் எண்ணைப் பக்கத்தில் ஒட்டியிருக்கும், அவ்வளவே. அந்த எண்ணுக்கு மேல் அல்லது கீழ் பிஓஇ, ஏயூஓ என்று உண்மையான எண் இருக்கும். பழைய கணினியில் கழற்றித் துடைத்த திரையை மலிவாகத் தருவதும் உண்டு. பின்புற ஒட்டுத்தாளின் விளிம்பு கறுத்திருந்தாலோ, திருகுக் காதில் தேய்மானம் இருந்தாலோ கண்டுபிடித்துவிடலாம்.

மாற்றி முடித்ததும் கடையிலேயே கணினியைத் திறந்து, டிவைஸ் மேனேஜரில் மானிட்டர் பகுதிக்குப் போய், அதன் ஹார்ட்வேர் ஐடியைப் பாருங்கள். ஏயூஓ என்றால் ஏயூஓ என்றே தொடங்கும், பிஓஇயும் அப்படியே. இன்னோலக்ஸ் சிஎம்என் என்றும், எல்ஜி எல்ஜிடி என்றும், சாம்சங் எஸ்டிசி என்றும், ஷார்ப் எஸ்எச்பி என்றும் காட்டும். இதில் நிறுவனம் உறுதியாகிவிடும். பிறகு திரை முழுவதும் வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என ஒவ்வொன்றாக நிரப்பிப் பாருங்கள். முழு எச்டியில் 20,73,600 புள்ளிகள் இருக்கின்றன, எது செத்திருந்தாலும் இந்த ஐந்து நிறங்களில் ஒன்றில் தெரிந்துவிடும். கறுப்பில் பார்க்கும்போது கடையின் விளக்கை அணைக்கச் சொல்லுங்கள், ஓரத்தில் ஒளி கசிந்தால் அப்போதுதான் தெரியும். முழுச் சிவப்பு ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்திருந்தால் அது 45 விழுக்காட்டுத் திரை. விவரத்தாளில் என்ன எழுதியிருந்தாலும் கண்ணை நம்புங்கள். உங்களிடம் இருக்கும் அரக்குக் கழியையும் வாடாமல்லிக் கழியையும் கையோடு கொண்டுவாருங்கள். குழல்விளக்கின் கீழ் ஒரு முறையும், வாசலில் பகல் வெளிச்சத்தில் ஒரு முறையும் நூலைத் திரையோடு ஒட்டி வைத்துப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

ஆக, கடைக்காரர் சொன்ன எல்ஜி 72 விழுக்காடாகவும் மற்ற இரண்டும் 45 ஆகவும் இருந்தால் ஆயிரத்து ஐந்நூறைத் தயங்காமல் கொடுங்கள். உங்கள் தொழிலில் ஒரே ஒரு புடவையின் நிறம் தவறிப்போனால் ஆகும் இழப்பு அதைவிட அதிகம். எல்ஜியும் 45 தான் என்றால் மூன்றையும் விட்டுவிட்டு, பிஓஇயிலோ இன்னோலக்ஸிலோ ஏயூஓவிலோ 72 விழுக்காட்டு எண்ணை வரவழைத்துத் தரச் சொல்லுங்கள். இரண்டு மூன்று நாள் ஆகும், கிடைக்கும். உடைந்த திரையைக் கழற்றியதும் அதன் பின்புறத்து ஒட்டுத்தாளையும், கேபிள் செருகும் இடத்தையும், ஓரத்துக் காதுகளையும் தெளிவாகப் படம் எடுத்து இங்கேயே இடுங்கள். அகலத்தை மில்லிமீட்டரில் அளந்து எழுதுங்கள். உங்கள் கணினிக்குப் பொருந்தும் எண் எது என்று பார்த்துச் சொல்கிறேன்.